முதலில் கசிவைத் தேடுங்கள், கம்ப்ரசர் அப்புறம்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு எஸ்யூவிக்கு முன்பக்கம் காயில் ஸ்பிரிங், பின்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதில் வண்டியின் எடையைத் தாங்கும் ரப்பர் காற்றுப் பை. பின்னால் ஆள் ஏறினாலும் மூட்டை ஏற்றினாலும் உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். அப்பாவைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி உட்காரவைக்கும் எங்களுக்கு, இருக்கை எப்போதும் ஒரே உயரத்தில் இருப்பது பெரிய வசதி. அதனால் வலது பின்பக்கம் இரவோடு இரவாக இறங்கத் தொடங்கியபோது, 'சாதாரண ஸ்பிரிங் போட்டுவிடுங்கள்' என்றவர்களின் பேச்சை நான் கேட்கவில்லை.

சென்னையில் ஒரு பணிமனையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். பைகளுக்குக் காற்று ஏற்றும் மோட்டாரான கம்ப்ரசர் அளவுக்கு மீறி ஓடுகிறது என்று காட்டியது. உடனே அதை மாற்றச் சொன்னார்கள். நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அது ஏன் அவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எங்கோ காற்று போகிறது. உயரம் குறைந்துவிட்டது என்று சென்சார் சொல்லச் சொல்ல, அது ஓடி ஓடிச் சூடாகிறது. கசிவை விட்டுவிட்டுப் புதியதைப் போட்டால் அதுவும் ஒருநாள் எரியும்.

காட்பாடி சாலையில் பஸ், லாரிகளுக்கு ஏர் பிரேக் வேலை பார்க்கும் பாய் ஒருவரிடம் போனேன். "தம்பி, மோட்டார் எங்கேயும் ஓடிப்போகாது. காற்று எங்கே போகிறது என்று முதலில் பார்க்கலாம்" என்றார்.

சமதரையில் நிறுத்தி, கம்ப்ரசர் ஓடி உயரத்தைச் சரிசெய்துவிடாதபடி அமைப்பின் ஃபியூஸைக் கழற்றி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்தோம். காலையில் இடது பக்கம் அப்படியே இருந்தது. வலது பக்கம் 35 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. சென்சார்மேல் சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. சென்சார் கம்பி கழன்றால் வண்டி தப்பான உயரத்தில் நிற்குமே தவிர, ஃபியூஸ் இல்லாதபோது தானாக இறங்காது. அடுத்து, காற்றை ஒவ்வொரு பைக்கும் பிரித்துவிடும் வால்வு பிளாக்கில் இரு பைகளின் குழாய்களையும் இடம் மாற்றி மாட்டி, மறுபடி காற்று ஏற்றி, ஓர் இரவு விட்டோம். அப்போதும் வலதுதான் இறங்கியது. வால்வு கசிந்திருந்தால் இப்போது இடது இறங்கியிருக்கும்; ஆகவே வால்வுமேல் பழியில்லை. மிச்சம் பையும் குழாயும்தான்.

இங்கேதான் பாயின் அனுபவம் பேசியது. சென்னையில் லிஃப்டில் தூக்கிப் பார்த்துப் பை நன்றாக இருக்கிறது என்றிருந்தார்கள். தூக்கினால் சக்கரம் தொங்கும், பை நீளும், மடிப்பு விரிந்து வெடிப்பு இடம் மாறிவிடும். பாய் வண்டியைக் குழிமேல், சக்கரம் தரையில் ஊன்றியபடியே நிறுத்தினார். சேசிஸுக்குக் கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் கையை உள்ளே விட்டார். காற்றை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. சோப்பு நீரைப் பிரஷ்ஷில் தொட்டுப் பையெங்கும் பூசினார். பையின் அடியிலுள்ள பிஸ்டன்மேல் ரப்பர் உருளும் மடிப்பில், டார்ச் வெளிச்சத்தில், பொடிக் குமிழிகள் வரிசையாக எழுந்தன. ஒன்று உடைய அடுத்தது வந்தது. துடைத்துவிட்டு விரலால் ரப்பரை விலக்கிக் காட்டினார்: கோடையில் வறண்ட ஏரி மண்போல் வெடித்திருந்தது.

வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இது வியப்பில்லை. சூட்டிலும் வயதிலும் ரப்பர் வெடிக்கும்; மடிப்புக்குள் புகும் மணல் அதை அறுக்கும். வண்டி கழுவும்போது அந்த இடத்திலும் தண்ணீர் பீய்ச்சச் சொல்லுங்கள்.

வலது பைக்கும் இடது பைக்கும் வயது ஒன்றுதான், ஆகவே இரண்டையும் மாற்றினோம். புதிதாக மாட்டும்போது வண்டியின் எடையை வெறும் பைமேல் இறக்கவே கூடாது. மடிப்பு கோணலாக நசுங்கி அன்றைக்கே கிழியலாம். கொஞ்சம் காற்று ஏற்றி, மடிப்பு ஒழுங்காக உருண்ட பிறகே ஜாக்கியை இறக்க வேண்டும். கம்ப்ரசர் அனுப்பும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளையும் மாற்றினோம்.

கம்ப்ரசர் அதே பழையதுதான். அதற்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் ஸ்விட்சான ரிலேயை மட்டும் புதிதாகப் போட்டோம். அதிகம் உழைத்த ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால், கம்ப்ரசர் நிற்காமல் ஓடியே கருகிவிடும்.