ஹாஃப் டன் டிரக்கும் ஒரு டன் கேம்பரும்: நான் பட்ட பாடு

பிக்அப் டிரக்கின் முதுகில் ஏற்றிச் செல்லும், உள்ளேயே சமைத்துப் படுத்துக்கொள்ளும் பெட்டிவீடான கேம்பர் ஒன்றை வாங்கி, அதை முறையாகப் பூட்டி, கனடாவின் கால்கரியிலிருந்து வாட்டர்டன் ஏரிகள் தேசியப் பூங்கா வரை குடும்பத்தோடு போய்த் திரும்ப எனக்கு ஏப்ரல் தொடங்கி ஜூலை வரை ஆயிற்று. பயணம் மூன்றே நாள்தான். மற்ற நாள்களெல்லாம் யாரோ சொன்ன எண்ணை நான் நம்பியதற்காகக் கொடுத்த விலை.

முதல் தவறு என்னுடையது. டிரக் இருக்கிறதே என்று கேம்பரைத் தேடினேன். அந்த டிரக் எவ்வளவு சுமக்கும் என்று பார்க்கவில்லை. என்னிடம் இருந்தது ஹாஃப் டன், அதாவது அரை டன் வகை. அது வகையின் பெயர்தான், சுமக்கும் அளவல்ல. லெத்பிரிட்ஜில் ஒரு விற்பனையகத்தில் பழைய கேம்பர் இருப்பதை இணையத்தில் பார்த்துத் தொலைபேசியில் விசாரித்தபோது, அதன் எடை 1,020 கிலோதான் என்றும், என் டிரக்கின் விளம்பரக் கையேட்டிலேயே ஆயிரம் கிலோவுக்கு மேல் ஏற்றலாம் என்று அச்சிட்டிருப்பதாகவும், ஆகவே கவலையே வேண்டாம் என்றும் விற்பனையாளர் உறுதியாகச் சொன்னார். முன்பணத்தை அனுப்பிவிட்டு, ஒரு சனிக்கிழமை காலையில் 210 கிலோமீட்டர் ஓட்டிப் போனேன்.

அங்கே வேறு வேலையாக வந்திருந்த முதியவர் ஒருவர், நான் கேம்பரைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அருகில் வந்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்கச் சொன்னார். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் வெள்ளை ஒட்டுத்தாளை விரலால் தட்டிக் காட்டினார். ஆள்களும் சரக்கும் சேர்ந்து 730 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. நான்கு ஆண்டுகளாகத் தினமும் திறந்து மூடிய கதவு அது. விளம்பரக் கையேட்டில் வரும் எண், அந்த வரிசையிலேயே அதிகம் சுமக்கக்கூடிய வடிவத்துக்கு உரியது. இரட்டை வரிசை இருக்கை, நான்கு சக்கர இயக்கம், கண்ணாடிக் கூரை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க அந்த எண் கரைந்துகொண்டே போகும். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த உங்கள் டிரக்குக்கு மட்டும் உரிய எண் கதவோரத்தில்தான் இருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. 1,020 கிலோ என்பது கேம்பரின் வெற்று எடை. அதில் தண்ணீர் இல்லை, எரிவாயு இல்லை, மின்கலம் இல்லை. பிற்பாடு பொருத்திய குளிர்சாதனமும் வெயில் மறைப்பும்கூட இல்லை. நீர்த்தொட்டி நிறைந்தால் 110 லிட்டர், அதாவது 110 கிலோ. நிறைந்த எரிவாயு உருளைகள் இரண்டுக்கும் சேர்த்து 34 கிலோ. இப்படியே கூட்டிக்கொண்டு போனால் பாத்திரம், படுக்கை, துணிமணியோடு 1,340 கிலோவைத் தொடுகிறது. நாங்கள் நான்கு பேரும் ஏறி உட்கார்ந்தால் மேலும் 220. இதை விற்பனையாளரிடம் கேட்டபோது, பின் சக்கரங்களுக்கு மேல் காற்றுப்பை வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். காற்றுப்பை டிரக்கின் பின்பக்கம் தாழாமல் நிமிர்த்தும், அவ்வளவுதான். டிரக்குக்குத் தயாரிப்பாளர் விதித்த மொத்த எடை வரம்பை அது ஒரு கிலோகூட உயர்த்தாது. முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். ஆறு வாரம் கேம்பரை வைத்திருக்க மட்டும் ஒப்புக்கொண்டார்கள். வெறும் டிரக்கோடு வீடு திரும்பினேன்.

அந்த ஆறு வாரத்துக்குள் ஹாஃப் டன்னை விற்று, சரக்கு ஏற்றும் எட்டடிப் பின்தட்டு கொண்ட, அடுத்த பெரிய வகையான முக்கால் டன் டிரக் ஒன்றை வாங்கினேன். ஒவ்வொரு விற்பனையகத்திலும் நான் முதலில் செய்தது கதவைத் திறந்து குனிந்து பார்த்ததுதான். ஒரே மாதிரியில் டீசல் எந்திரம் உள்ள வண்டி பெட்ரோல் வண்டியைவிடக் குறைவாகவே சுமக்கும் என்பதை அப்போதுதான் கற்றேன். எந்திரத்தின் கூடுதல் கனம் சுமைக்கணக்கிலிருந்துதான் கழிகிறது. கடைசியில் வாங்கிய பெட்ரோல் வண்டியின் ஒட்டுத்தாளில் 1,490 கிலோ என்றிருந்தது. கணக்குப்படி அதுவும் கொஞ்சம் இடிக்கிறது என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும். புது வண்டி வாங்கிய மகிழ்ச்சியில் கூட்டல் கணக்கு மறந்துபோயிற்று.

பதிவு வேலை எளிதாக முடிந்தது. டிரக்கில் ஏறும் கேம்பர் இங்கே சரக்காகவே கருதப்படுவதால் அதற்குத் தனிப் பதிவெண் தேவையில்லை. ஆனால் காப்பீட்டில் அதே காரணமே என்னைப் படுத்தியது. தொலைபேசியில் பேசிய ஊழியர் 17 எழுத்து வாகன அடையாள எண்ணைக் கேட்டார். கேம்பருக்குச் சக்கரமோ எந்திரமோ இல்லை, ஆகவே அது வாகனமில்லை, தயாரிப்பு வரிசை எண் மட்டுமே உண்டு என்று விளக்கினேன். 17 எழுத்து இல்லாவிட்டால் தன் கணினித் திரை அடுத்த பக்கத்துக்குப் போகாது என்றார். இரண்டாம் முறை பேசியவர், அதை இழுவை வண்டி என்று பதிந்துவிடலாமா என்று கேட்டார். தவறாகப் பதிந்த ஒன்றுக்கு விபத்து நேர்ந்தபின் யார் பணம் தருவார்கள் என்று நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. மூன்றாம் முறை வாய்த்த பெண்மணி, இதைக் கூடுதல் உபகரணம் என்ற தலைப்பில் சேர்க்க வேண்டும் என்று சொல்லி, வரிசை எண் தகட்டின் படத்தை வாங்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் முடித்துக்கொடுத்தார். கேம்பர் டிரக்கின் மேல் இருக்கும்போதும், இறக்கி வைத்திருக்கும்போதும், இரண்டு நிலையிலும் காப்பு உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்றுவதற்கு முன், டிரக்கின் பின்தட்டில் முந்தைய உரிமையாளர் போட்டிருந்த வழவழப்பான பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டு, தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டேன். பிளாஸ்டிக்கின் மேல் கேம்பர் சறுக்குப்பலகையில் நிற்பதுபோல நிற்கும். பின்கதவைக் கழற்றும்போது அதிலுள்ள கேமராக் கம்பியை முதலில் பிரிக்க மறந்துவிடாதீர்கள், நான் மறந்தேன்.

கேம்பர் நான்கு மூலையிலும் உள்ள ஜாக்குகளின் மேல் நிற்க, டிரக்கை அதன் அடியில் பின்னோக்கிச் செலுத்த வேண்டும். இருபுறமும் இரண்டு விரல்கடை இடைவெளிதான். முதல் நாள் மூன்று மணி நேரம் ஆனது. நேராகப் போகவில்லை என்றால் ஸ்டியரிங்கை அங்கேயே ஒடித்துச் சரிசெய்ய முயலக் கூடாது. முழுவதும் வெளியே எடுத்து, வண்டியை நேராக்கிவிட்டு மறுபடி வர வேண்டும். ஜாக்குகளை ஒவ்வொன்றாக ஒரேயடியாக இறக்காமல், மூலைக்கு நான்கு விரல் அளவாக மாற்றி மாற்றி இறக்க வேண்டும். கேம்பரின் முன்பக்கம் எப்போதும் சமமாகவோ கொஞ்சம் தூக்கலாகவோ இருக்கட்டும், தாழ வேண்டாம். ஜாக்கின் காலடியில் பலகை வையுங்கள். வெயிலில் இளகிய தார்த்தரையில் என் ஜாக் ஒன்று ஓர் அங்குலம் புதைந்ததில், மொத்தக் கேம்பரும் மெல்லச் சாயத் தொடங்கிய அந்தக் கணம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கேம்பரின் பக்கவாட்டில் அதன் எடைமையம் எங்கே என்று ஓர் அம்புக்குறி ஒட்டியிருக்கும். அந்தக் குறி டிரக்கின் பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் முன் சக்கரங்களின் பாரம் குறைந்து, ஸ்டியரிங் பிடி தளர்ந்து போகும். எனக்கு அச்சுக்குப் பத்து சென்டிமீட்டர் முன்னால் விழுந்தது. பின்தட்டின் முன்சுவருக்கும் கேம்பருக்கும் இடையே இருந்த சந்தில் ஒரு மரக்கட்டையை வைத்து அடைத்தேன். இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னே நகர்ந்து இடிக்கும்.

இனி, நான் மிகவும் வெட்கப்படும் பகுதி. கேம்பரைக் கட்டுவதற்கு டிரக்கின் சட்டத்தில் பொருத்தும் கொக்கிகளுக்குச் சொல்லியிருந்தேன். கடையிலிருந்து வந்த பெட்டியைத் திறந்தால், அடுத்த தலைமுறை மாதிரிக்கு உரியவை. ஒரு துளைகூடப் பொருந்தவில்லை. மாற்றித் தர இரண்டு வாரம் என்றார்கள். நீங்கள் சொல்லும்போது ஆண்டு, இருக்கை வரிசை, தட்டின் நீளம் ஆகிய மூன்றையும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பொறுமையில்லாத நான், பின்தட்டின் விளிம்பில் உள்ள வளையங்களில் சரக்கு கட்டும் பட்டைகளை மாட்டி, சும்மா ஒரு சோதனை ஓட்டம் என்று நெடுஞ்சாலை 2இல் ஹை ரிவர் வரை போனேன். இறங்கிப் பார்த்தபோது கேம்பர் இரண்டு அங்குலம் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. வளையம் இருந்த தகடு மேல்நோக்கிப் பிதுங்கியிருந்தது. பின்தட்டின் சுவர் மெல்லிய தகடு. அது மண்ணையும் மரத்தையும் தடுத்து நிறுத்தும், காற்றில் ஆடும் ஒரு டன்னைத் தாங்காது. மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் போகாமல், பின்னால் வந்தவர்களின் ஹாரன் வசவுகளோடு வீடு வந்து சேர்ந்தேன்.

சரியான கொக்கிகள் வந்தபின் பொருத்துவதற்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. முன் கட்டுகள் கேம்பரைக் கீழேயும் முன்னேயும், பின் கட்டுகள் கீழேயும் பின்னேயும் இழுக்குமாறு சாய்ந்திருக்க வேண்டும். சுருள்வில் உள்ள டர்ன்பக்கிள், அதாவது திருகி இறுக்கும் கட்டு, வாங்குங்கள். சட்டம் முறுகும்போது வில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், இல்லையேல் கேம்பரின் மூலைகள் பிய்ந்துவரும். முதல் ஐம்பது கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். கேம்பரும் தட்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு துண்டு ஒட்டுநாடாவை இரண்டின் மேலும் ஒட்டி நடுவே வெட்டிவிட்டேன். நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து, நீண்டதூர லாரி ஓட்டும் யாழ்ப்பாணத்து நண்பரிடம் பெருமையாகப் படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணை, தராசிலை ஏத்திப் பாத்தனீங்களோ?" என்று ஒரே கேள்வி கேட்டார்.

லாரிகள் நிற்கும் நிறுத்தத்திலுள்ள எடைமேடைக்கு, தண்ணீர் நிரப்பி, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனேன். முன் அச்சு 1,890, பின் அச்சு 2,720, மொத்தம் 4,610 கிலோ. டிரக்கின் மொத்த வரம்பு 4,536. எழுபத்து நான்கு கிலோ அதிகம். அந்தச் சீட்டை டயரின் பக்கத்திலிருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் இன்னொரு பூதம் கிளம்பியது. முந்தைய உரிமையாளர் விலை குறைந்த டயர்களை மாட்டியிருந்தார். சுமைக் குறியீடு 116, அதாவது ஒன்றுக்கு 1,250 கிலோ. பின்னால் இரண்டு டயர் சேர்ந்து 2,500தான் தாங்கும். நான் அவற்றின் மேல் 2,720ஐ ஏற்றியிருக்கிறேன். நான்கையும் மாற்றி, 121 குறியீடுள்ள, அதிகச் சுமைக்கான இ வகை டயர்கள் போட்டேன். ஒன்றுக்கு 1,450 கிலோ தாங்கும். பின் டயர்களில் காலைக் குளிரில், வண்டி ஓடுவதற்கு முன், 80 பிஎஸ்ஐ காற்றழுத்தம் பார்த்து வைக்கிறேன்.

எடையைக் குறைக்கும் படலம் வீட்டில் நடந்தது. நீர்த்தொட்டியில் 30 லிட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் போகும் இடத்தில் நிரப்புவது என்று முடிவானதில் 80 கிலோ போயிற்று. விறகும் அதிகப்படிக் கருவிகளும் 25. விறகை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று பூங்காக்காரர்களே சொல்கிறார்கள், பூச்சி பரவும் என்பதற்காக. கடைசியில் 11 கிலோ எடையுள்ள மாவரைக்கும் கிரைண்டர். அதை ஏற்றியவன் நான்தான். மலையடிவாரத்தில் சுடச்சுட இட்லி என்பது என் ஆசை. மனைவி அதை ஒரு சொல்லும் பேசாமல் இறக்கி வைத்தார். மறுபடி தராசு: 4,494 கிலோ. நாற்பத்திரண்டு கிலோ கைவசம் இருந்தது.

புறப்படுவதற்கு முந்தைய மாலை, மகனைப் பின்னால் நிறுத்தி பிரேக் விளக்கையும் திரும்பும் விளக்கையும் சரிபார்த்ததில் இடப்பக்க விளக்கு எரியவில்லை, ஒரு ஃபியூஸ்தான். எரிவாயு உருளைகளின் வால்வுகளை மூடினேன். கேம்பரின் உச்சி வரை அளந்து, 3.35 மீட்டர் என்று பெரிய எழுத்தில் எழுதி ஓட்டுநர் முன் ஒட்டினேன். அது வீண்போகவில்லை. கிளேர்ஸ்ஹோமில் பிள்ளைகள் காபிக்கடையைப் பார்த்துக் கூவியதும், என் கை தானாகவே காரிலேயே வாங்கும் பாதைக்குத் திருப்பியது. எதிரே தொங்கிய உயரத் தடுப்பைப் பார்த்து நான் விழித்த வேளையில், அந்தத் தாளும் கண்ணில் பட்டது.

ஃபோர்ட் மக்லியோட் தாண்டி நெடுஞ்சாலை 3இல் மேற்கே திரும்பியதும் காற்று பிடித்துக்கொண்டது. கனடாவின் முதல் வணிகக் காற்றாலைப் பண்ணையை 1993இல் இந்த பின்ச்சர் கிரீக் பக்கத்துக் கௌலி மேட்டில் ஏன் வைத்தார்கள் என்பதற்கு விளக்கமே வேண்டியிருக்கவில்லை. மலையிலிருந்து இறங்கும் அந்தக் காற்றை நேர் எதிரில் வாங்குவதைவிட, நெடுஞ்சாலை 6இல் தெற்கே திரும்பிப் பக்கவாட்டில் வாங்குவதுதான் கடினமாக இருந்தது. நூறில் போகலாம் என்ற சாலையில் எண்பதிலேயே போனேன். முன்வண்டிக்கும் எனக்கும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விட்டேன். எதிரே பெரிய லாரி கடக்கும்போது காற்று ஒரு கணம் அறுந்து மறுபடி அறையும். அதற்கு முன்கூட்டியே இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டும்.

வாட்டர்டன் முகாமில் நிறுத்தியதும், ஏரியைப் பார்ப்பதற்கு முன் நான் குனிந்து பார்த்தது ஒட்டுநாடாவை. வெட்டிய கோடு மயிரிழையும் விலகாமல் அப்படியே இருந்தது. முன் கட்டு ஒன்றை மட்டும் அரைச் சுற்று இறுக்க வேண்டியிருந்தது. பிறகு தொட்டியில் தண்ணீர் பிடிக்க வரிசையில் போய் நின்றேன். உள்ளே மனைவி, கடையில் வாங்கி வந்த மாவில் தோசை ஊற்றத் தொடங்கியிருந்தார்.