61 நாள் தவணை

மண்டபத்தில் விசைப்படகு வேலைக்குப் போகிறேன். வயது 43. குறுக்கு வலி வந்து மூன்று வருடம். எங்கள் பக்கம் குறுக்கு வலி இல்லாத கடல்காரன் அபூர்வம் என்பதால் நான் உட்பட யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தைலம், வெந்நீர் ஒத்தடம், மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை. தினமும் போட்டதில் வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

போன மாசியில் ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது சுருக்கென்றது. அன்றிலிருந்து இடது கெண்டைக்கால் வரை கரண்ட் அடித்தாற்போல வலி. கீழ் முதுகில் எல்4, எல்5 என்கிற எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதாக ஸ்கேனில் வந்தது. மதுரையில் ஒரு மருத்துவர் படத்தைப் பார்த்த இரண்டாவது நிமிடமே "ஆபரேஷன்தான்" என்றார். வீட்டில் நகையை எண்ணத் தொடங்கிவிட்டாள். மாமா பெல்ட் வாங்கிவந்தார். அண்ணன் தடவுகிறவரிடம் கூட்டிப்போனான். மறைப்பானேன், இரண்டு நாள் இதமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் முறுக்கிவிட்டதில் வலி கூடிப்போச்சு.

அப்புறம் இராமநாதபுரத்தில் வேறொரு மருத்துவர். பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே போனேன். குதிகாலாலும் நுனிக்காலாலும் நடக்கச் சொல்லிப் பார்த்தவர், "காலில் வலி அதிகமா, குறுக்கிலா?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஆபரேஷன் நரம்பின் அழுத்தத்தை எடுக்கும், கால் வலி சீக்கிரம் இறங்கும், ஆனால் பழைய குறுக்கு வலிக்கு அதை நம்பாதீர்கள் என்றார். பிதுங்கிய ஜவ்வு பலருக்குச் சில மாதங்களில் தானே சுருங்கிவிடுமாம். வலியே இல்லாத 20 வயதுக்காரர்களிலும் 100க்கு 30 பேருக்கு ஸ்கேனில் பிதுக்கம் தெரியுமாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: பாதம் தூக்க வராவிட்டாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, சிறுநீர் கட்டுக்குள் நிற்காவிட்டாலோ அன்றைக்கே ஓடிவர வேண்டும்.

முதுகில் ஸ்டீராய்டு ஊசியும் போடலாம், சில வாரம் வலி அடங்கும் என்றார். "அடங்குனா நீங்க படகுக்கு ஓடிருவீங்க" என்றாள் வீட்டுக்காரி. உண்மைதான், வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எப்படியும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளையும் உடம்புக்குக் கொடுப்பது, அதற்கு மேலும் கால் வலி விடவில்லை என்றால் அறுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அரசு கொடுத்த தடைக்கால நிவாரணப் பணம் 8,000 ரூபாயில் ஒரு பங்கு பஸ்ஸுக்கே போனது. பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த தங்கச்சி, குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கச் சொன்னது. முதல் வாரம் குறுக்கு இன்னும் வலித்தது. "கால்ல இறங்குன வலி மேல ஏறுதா பாருங்கண்ணே, ஏறுனா நல்லது" என்றது. கெண்டைக்காலிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து பிட்டத்துக்கு, நிஜமாகவே ஏறியது. காலையிலும் சாயங்காலமும் ரோட்டில் நடை. பொதபொத மணலில் வேண்டாம் என்றது. படுத்தே கிடக்கவும் கூடாது.

தடை முடிந்தபோது கால் வலி முக்கால்வாசி போயிருந்தது. ஆபரேஷனைக் குறை சொல்லவில்லை. பாதம் தொங்கிப்போன கூட்டாளிக்கு உடனே அறுத்தார்கள், இப்போது நன்றாக நடக்கிறான். எனக்குக் குறுக்கு வலி காலையில் இன்னும் உண்டு. ஐஸ் பெட்டியை இப்போது இரண்டு பேராகத் தூக்குகிறோம். படகு டிரைவர் முணுமுணுக்கத்தான் செய்கிறார்.