மிலான் தீர்மானமும் ஏற்காட்டு வகுப்பறையும்

சிறப்பாசிரியர் வேலையில் எனக்கு ஒதுக்கியது ஏற்காடு ஒன்றியம். நான் படித்தது செவித்திறன் குறைபாட்டுக்கான பி.எட். மலையில் அப்படியெல்லாம் பிரித்து ஆள் போட முடியாது. பார்வைக் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் என்று எந்தப் பிள்ளையாக இருந்தாலும் வட்டார வள மையத்திலிருந்து போவது நாங்கள் சிலர்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் 7 வகையாக இருந்த குறைபாடுகள் 2016 சட்டத்தில் 21 ஆயின. அதனால் எத்தனையோ பேர் கணக்குக்குள் வந்தார்கள், சந்தோஷம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும் டீச்சர் மட்டும் அதே ஆள்.

என்னை அதிகம் அலைக்கழித்தவர்கள் காது கேளாத பிள்ளைகள். நடக்க முடியாத பிள்ளைக்குச் சாய்தளம் கட்டலாம். பார்வையில்லாத பிள்ளைக்கு அம்மா பேசும் தமிழ் பிறந்த நாள் முதல் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. காது கேளாத பிள்ளைக்கோ வீட்டுக்குள்ளேயே மொழி எட்டுவதில்லை. முப்பது பேர் நடுவே உட்கார வைத்துவிட்டால் அது தானாக வந்து சேருமா?

மலைக்கிராமப் பள்ளி ஒன்றில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி. முதல் பெஞ்ச். கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். கரும்பலகையில் உள்ளதைப் புள்ளி பிசகாமல் எழுதிவிடுவாள். "எங்க கிளாஸ்ல இவதான் டீச்சர் நீட்டு" என்று வகுப்பாசிரியருக்கு ஒரே பெருமை. அன்று வெளியே மழை. நோட்டில் அவளே எழுதியிருந்த 'மழை'யைத் தொட்டுக் காட்டி, ஜன்னலையும் காட்டினேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாகவே அவளுக்குத் தெரியவில்லை. அத்தனை நோட்டிலும் அவள் எழுத்துகளை வரைந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"நான் பேசறப்ப என் வாயைப் பாருன்னு சொல்லித்தான் வெச்சிருக்கேன்" என்றார் ஆசிரியர். மொழி தெரிந்த பிறகு காது போனவர்களுக்கு உதட்டசைவு ஓரளவு கைகொடுக்கும். மொழியே இல்லாத பிள்ளைக்கு? 'பாலை', 'மாலை' இரண்டையும் சத்தமில்லாமல் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். ககரம் பிறப்பதோ தொண்டைப் பக்கத்து அடிநாக்கில், வெளியே தெரியவே தெரியாது.

அந்த ஆசிரியரைக் குறை சொல்லி என்ன பயன்? 'வாயைப் பார்' அவர் கண்டுபிடித்ததல்ல. 1760களில் பாரிஸில் பள்ளி நடத்திய பாதிரியார் லெப்பே, காது கேளாதவர்களிடமிருந்தே சைகைகளைக் கற்று அவற்றைக் கொண்டு பாடம் நடத்தினார். அந்த வழியில் படித்தவர்களிலிருந்தே ஆசிரியர்களும் உருவானார்கள். 1880இல் இத்தாலியின் மிலானில் காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு கூடி, பேச்சுப் பயிற்சிதான் உயர்ந்தது, வகுப்பில் சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. கூடியிருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒருவர்தான்! பல நாடுகளில் காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். அது தவறு என்று அதே மாநாட்டு வரிசை கனடாவின் வான்கூவரில் வருத்தம் தெரிவித்தது 2010இல். 130 ஆண்டுகள்.

நம் பக்கம் 1890களில் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கினார். அதன் பிறகும் வெகுகாலம் மலைப்பிள்ளை படிக்க வேண்டுமென்றால் சமவெளியில் ஏதாவதொரு விடுதிப் பள்ளிக்குப் போனால்தான் உண்டு. வகுப்பில் என்ன முறையோ, விடுதியில் பிள்ளைகள் கையால் பேசித் தீர்த்தார்கள். காப்பி பழம் பறிக்கும் பருவத்தில் விடுமுறைக்கு வந்த பையனைக் காட்டி ஒரு அப்பா சொன்னார்: "அங்க போனா நல்லாப் பேசறானாம் டீச்சர். இங்க வந்தாத்தான் ஊமையாயிடறான்."

1974இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம், 2009இல் கல்வி உரிமைச் சட்டம் என்று வந்து, பிள்ளையை வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கே கொண்டுவந்தன. அம்மா பக்கத்தில் தூங்குகிற பிள்ளையை மறுபடி விடுதிக்கு அனுப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கையால் பேச அங்கே நாலு பேர் இருந்தார்களே, அதற்கு ஈடாக இங்கே எதையும் வைக்க மறந்துவிட்டோம்.

கருவிகள் இல்லாமல் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை இலவசம். காலத்தில் செய்து, பேச்சுப் பயிற்சியும் விடாமல் தொடர்ந்த பிள்ளைகள் நன்றாகப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயிற்சிக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போக வேண்டும், அன்றைய கூலி போச்சு. சாதாரணக் காதுக் கருவிக்கோ ஏற்காட்டுப் பனியே எதிரி. ராத்திரி ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டு வைக்காவிட்டால் கரகரக்கும். பிள்ளை வளர வளர, கருவியைக் காதில் பொருத்தும் அச்சும் மாற்ற வேண்டும்.

அதனால் அந்த நாலாம் வகுப்புப் பெண்ணின் பள்ளியில் சைகையை மொத்த வகுப்புக்கும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். "இதுக்கு ஜி.ஓ. ஏதாச்சும் இருக்குங்களா?" என்றார் தலைமையாசிரியர். காது கேளாதவர்களுக்குப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கற்பிக்க வேண்டும் என்று 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்வதைக் காட்டினேன். படித்துவிட்டு, சரி நடத்துங்க என்றார். பெரியவர்கள் திணறியதைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். சத்தமில்லாமல் வகுப்பில் கதையடிக்க வழி கிடைத்தால் விடுவார்களா! பரீட்சையில் விடை கடத்துகிறார்கள் என்று எனக்குப் புகார்கூட வந்தது. அந்தப் பெண் இப்போது மழையைக் கையால் சொல்கிறாள், பிறகு எழுதுகிறாள். நேற்று பெய்தது, நாளை பெய்யும் என்று பிரித்துச் சொல்லவும் வந்துவிட்டது.

ஐந்தாம் வகுப்பு முடித்தால் வேறு பள்ளி. அங்கே சைகை தெரிந்தவர் யாரும் இல்லை. ஆகவே கூடப் படிக்கும் பிள்ளைகளை அவளோடு அதே பள்ளியில் சேர்க்கச் சொல்லி வீடு வீடாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். மூன்று வீட்டில் சரி என்றிருக்கிறார்கள். இன்னொரு வீட்டில், அந்தப் பள்ளிக்கு பஸ் நேரம் ஒத்துவரவில்லையாம். டிப்போவுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.