சதுப்பு நிலத்தைக் காக்க ஏரிக்கு ஏன் போகிறோம்?

"பள்ளிக்கரணையைக் காப்பாத்தறோம்னு சொல்றீங்க, கீழ்க்கட்டளை ஏரியில நிக்கிறீங்களே தம்பி?" என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான்.

தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான் போகிறது. கீழ்க்கட்டளை நிரம்பினால் நாராயணபுரம் ஏரி, அங்கிருந்து சதுப்பு நிலம், அப்புறம் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். மேலே ஏரியில் சாக்கடை கலந்தால் கீழே நாரைகளுக்குப் போய்ச் சேருவதும் அதுதான்.

2007இல் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி காப்புக்காடு ஆனது. 2022இல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் வந்தது. நல்லது. ஆனால் சாக்கடைக்கு ராம்சாரைத் தெரியாதே!

ஏரியில் படர்ந்திருக்கும் ஆகாயத்தாமரையை இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் குடித்த வேர் என்ன கனம் என்று. கரையோரம் குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே இறங்கிவிடும். தள்ளிக் கொண்டுபோய்த்தான் கொட்ட வேண்டும். சிறு துண்டு மிஞ்சினாலும் மறுபடி படரும். கழிவுநீர்தான் அதற்கு உரம் என்பதால், செடி பிடுங்குவதோடு எந்த வடிகால் ஏரியில் விழுகிறது என்று படமெடுத்து மனுவும் கொடுக்கிறோம். என்னைக் கேட்டால், மனுதான் பெரிய வேலை. அதற்கு மட்டும் ஆள் வருவதில்லை!

இன்னொன்று: மரக்கன்றோடு வராதீர்கள். சதுப்பு நிலத்துக்கு வேண்டியது திறந்த நீரும் கோரையும் சேறும். பூநாரை தோப்பில் மேயாது.

ஞாயிறு காலை ஏரிக்கு வருபவர்கள் முழங்கால் வரை பூட்ஸ் போட்டு வாருங்கள். கண்ணாடிச் சில்லு அதிகம்.