பந்தை விட்டு ஆளைப் பார்த்த எட்டு மாதங்கள்

அரங்கத்தின் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய்விட வேண்டும். கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களை நேரில் பார்த்து எடைபோடும் ஸ்கவுட் வேலையில், என் அறிக்கைகளைச் சரிபார்த்த கோச் எனக்குப் போட்ட முதல் கட்டளை அதுதான். ஆட்டம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். இருக்கைகள் காலி. பாப்கார்ன் கடையில்கூட ஆள் வந்திருக்காது. கீழே ஐந்தாறு பையன்கள் சத்தமில்லாமல் ஷாட் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரே மூலையில் நின்று, வாய்க்குள் எண்ணிக்கொண்டே, பத்து விழுந்தால்தான் அடுத்த இடத்துக்குப் போவேன் என்று நிற்கிறவன் ஒருவன் இருப்பான். நடுக்கோட்டில் நின்று விளையாட்டாக வீசிக்கொண்டிருப்பவனும் இருப்பான். இரண்டையும் குறித்துக்கொள்வேன். ஒரு நாளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நான்கு முறை போய் நான்கு முறையும் அப்படியே இருந்தால் அது அவன் குணம்.

2024 நவம்பரில் இந்த வேலைக்குள் வந்தேன். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் வீடு, பகலில் மென்பொருள் வேலை. கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களைப் பற்றி ஏஜென்ட்டுகளுக்கும் வெளிநாட்டு கிளப்புகளுக்கும் அறிக்கை எழுதித் தரும் ஒரு சின்னக் குழுவுக்கு, புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் நேரில் போய்ப் பார்க்க ஆள் இல்லை, நீ போகிறாயா என்று கேட்டார்கள். கோவையில் பள்ளி அணிக்கு ஆடிய நாளிலிருந்து இந்த ஆட்டத்தின் மேல் எனக்கு இருக்கும் பைத்தியம் குறையவே இல்லை. சரி என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.

அந்த சீசனில் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. பிஸ்கட்டவேயில் இருக்கும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டிலன் ஹார்ப்பர், ஏஸ் பெய்லி என்று இரண்டு முதலாண்டு மாணவர்கள். என்.பி.ஏ. என்கிற அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் அணிகள் ஆண்டுதோறும் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்டில் இருவருமே முதல் ஐந்துக்குள் போவார்கள் என்று பேச்சு. அப்படியே போனார்கள்: சான் அன்டோனியோ ஹார்ப்பரை இரண்டாவதாக எடுத்தது, யூட்டா பெய்லியை ஐந்தாவதாக. ஆனால் அந்த அணி 15 ஆட்டங்களில் ஜெயித்து 17-இல் தோற்றது, மார்ச் மாத தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. அவ்வளவு திறமை இருந்தும் ஓர் அணி எப்படித் தடுமாறும் என்பதைக் கண்ணெதிரே பார்த்தது எனக்குப் பெரிய பாடம்.

அவர்கள் என் கணக்கில் இல்லை. பெரிய பெயர்களை மூத்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்குக் கொடுத்தது 22 பேர். டிராஃப்டின் இரண்டாவது, அதாவது கடைசிச் சுற்றில் போகலாம், போகாமலும் இருக்கலாம் என்ற நிலையில் இருப்பவர்கள். என் அறிக்கைகளைச் சரிபார்க்க அறுபதை நெருங்கும் ஒருவரை நியமித்தார்கள். பல வருடம் கல்லூரி அணிகளில் உதவிக் கோச்சாக இருந்தவர். எல்லாரும் அவரைக் கோச் என்றுதான் கூப்பிடுவோம்.

டிசம்பரில் என் முதல் பெரிய தப்பு நடந்தது. ஒரு கல்லூரியின் விங் ஆட்டக்காரனை, அதாவது பக்கவாட்டில் நின்று ஆடுகிறவனை, இரண்டு முறை நேரில் பார்த்தேன். இரண்டு ஆட்டத்திலும் பிய்த்து உதறினான். தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் த்ரீ பாயிண்ட் ஷாட்டில் ஒன்பதுக்கு ஐந்து, பத்துக்கு ஆறு. வீட்டுக்கு வந்து தூங்காமல் மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன், முதல் சுற்றிலேயே போவான் என்று. மறுநாள் கோச் ஃபோன் செய்தார். "அவன் கையில் பந்து இருந்தபோது என்ன செய்தான் என்று எழுதியிருக்கிறாய். மீதி நேரம் என்ன செய்தான்?" என்னிடம் பதில் இல்லை. அதே இரண்டு ஆட்டங்களின் வீடியோவை எடுத்து, பந்து எங்கே போனாலும் கண்ணை அந்தப் பக்கம் திருப்பாமல் அவனை மட்டும் பார் என்றார்.

பார்த்தேன். இரண்டு ஆட்டங்களையும் பார்த்து முடிக்க ஐந்து மணி நேரம் ஆனது. டிஃபென்ஸில் தன் ஆளை விட்டு உதவிக்கு ஒரு அடி உள்ளே வருவான். பந்து அவன் ஆளிடம் திரும்பி வரும்போது ஓடிப்போய்த் தடுக்க வேண்டும். அந்த இடத்தில்தான் கால்கள் காட்டிக்கொடுத்தன. நன்றாகத் தடுக்கிறவன் வேகமாக ஓடிவந்து, கடைசி இரண்டு மூன்று அடியில் பாதங்களைப் பொடிப்பொடியாக எடுத்துவைத்து, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையைத் தூக்கி நிற்பான். அப்போதுதான் எதிராளி ஷாட் போட்டாலும் தடுக்கலாம், பக்கவாட்டில் வெட்டிப் போனாலும் கூடவே போகலாம். இவன் முழு வேகத்தில் வந்து நேராக நிமிர்ந்து நின்றான். எதிராளி ஒரு பாசாங்கு காட்டியதும் ஆகாயத்தில் பறந்தான். இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து இப்படி பதினொரு தடவை. நேரில் பார்த்தபோது அதில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை, ஏனென்றால் நான் எல்லாரையும்போல் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு முதல் சுற்று என்று எழுதிய அறிக்கை ஒரு ஏஜென்ட்டின் கைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு பையனின் வாழ்க்கை முடிவு அதில் தொங்குகிறது.

எண்கள் எனக்குப் பழக்கமான இடம். அங்கேயும் கோச் என்னைத் திருத்தினார். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் ஒருவன் ஒரு சீசனில் சுமார் நூறு த்ரீ பாயிண்ட் போடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 39 விழுந்தால் அருமையான ஷூட்டர் என்கிறோம். 33 விழுந்தால் சந்தேகப்படுகிறோம். நடுவில் இருப்பது ஆறே ஆறு பந்து, முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில். வளையத்தில் பட்டுத் தெறித்தவை உள்ளே விழுந்திருந்தால் கணக்கே மாறிவிடும். அதனால்தான் ஸ்கவுட்டுகள் ஃப்ரீ த்ரோவைப் பார்க்கிறார்கள். யாரும் தடுக்காமல், ஒரே தூரத்திலிருந்து, ஒரே மாதிரி போடுவது அது. கை சுத்தமாக இருக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். காவாய் லெனர்ட் சான் டியாகோ ஸ்டேட்டில் ஆடிய இரண்டு வருடங்களில் த்ரீ பாயிண்டை ஏறக்குறைய நான்குக்கு ஒன்றுதான் போட்டார். ஃப்ரீ த்ரோவை நான்குக்கு மூன்று போட்டார். 2011 டிராஃப்டில் 15-ஆவது ஆளாகத்தான் போனார். அன்றிரவே இண்டியானாவிலிருந்து சான் அன்டோனியோவுக்கு மாற்றப்பட்டார். அங்கே ஷூட்டிங் கோச் சிப் எங்கலண்ட் அவர் கையைச் சீர்படுத்தினார். மூன்றே வருடத்தில் என்.பி.ஏ. இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஃப்ரீ த்ரோ எல்லாவற்றையும் சொல்லிவிடாது, ஆனால் நூறு த்ரீ பாயிண்டைவிட எனக்கு அதன் மேல் நம்பிக்கை அதிகம்.

கல்லூரி ஆட்டமும் என்.பி.ஏ. ஆட்டமும் ஒன்று போலத் தெரியும், ஆனால் இடம் வேறு. கல்லூரியில் த்ரீ பாயிண்ட் கோடு 22 அடி 1¾ அங்குலத்தில். என்.பி.ஏ.வில் வளையத்துக்கு நேரே 23 அடி 9 அங்குலம். என்.பி.ஏ.வில் தடுக்கும் ஆள் யாரையும் நெருங்கித் தடுக்காமல் கூடைக்கு அடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. கல்லூரியில் டிஃபென்ஸுக்கு அந்த விதி கிடையாது. உயரமான ஆள் கூடைக்கு அடியிலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்துகொள்ளலாம். அதனால் பந்தைக் கொண்டுபோய் வெட்டி உள்ளே நுழையும் கார்டுக்குக் கல்லூரியில் வழியே கிடைக்காமல் இருக்கலாம். அதே கூடாரத்தில் உட்கார்ந்து பிளாக் போட்டுப் பெயர் வாங்கிய உயரமானவன், என்.பி.ஏ.வில் வெளியே இழுக்கப்பட்டால் திணறலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் அறிக்கைகளில் கேள்வியே மாறியது. "எவ்வளவு நல்லவன்" என்று எழுதுவதை நிறுத்தினேன். ஓர் அணியில் எட்டாவது ஆளாக இவன் இறங்கினால் என்ன வேலை செய்வான், யாரைத் தடுப்பான், எதனால் கோச் இவனை வெளியே உட்காரவைப்பார் என்று எழுதினேன். கல்லூரியில் நாள் முழுக்கப் பந்தைக் கையில் வைத்திருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு மேலே போனால் பந்து கிடைக்காது. பந்து இல்லாமல் என்ன செய்கிறான் என்பதுதான் அவனுக்குச் சோறு போடும்.

என் பட்டியலில் 19-ஆவது பெயர் ஒரு சின்னக் கல்லூரியின் நாலாம் ஆண்டு கார்டு. 22 வயது முடிந்தவன், ஆறு அடி ஒரு அங்குலம், பெரிதாகக் குதிக்கவும் மாட்டான். பிப்ரவரியில் ஒரு வியாழன் இரவு, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அறுநூறு பேர்கூட இல்லை. இரண்டாம் பாதியில் ஓரக்கோட்டிலிருந்து பந்து போட வேண்டிய நேரம். முதலாண்டுப் பையன் ஒருவன் தப்பான இடத்தில் நின்றான். இவன் அவன் ஜெர்சியை இடுப்புப் பக்கம் பிடித்து, திட்டாமல், கோச்சைப் பார்க்காமல், இரண்டு அடி இடது பக்கம் நகர்த்தி வைத்தான். நகர்த்திவிட்டு எதிர்ப்பக்கம் போய், எதிராளியின் வழியை உடம்பால் மறித்து ஒரு ஸ்கிரீன் போட்டான். பந்து மூலையில் ஆளில்லாமல் நின்ற அந்தப் பையனுக்கே வந்தது. விழுந்தது. புள்ளிவிவரத்தில் இவன் பெயருக்கு எதிரே அதற்காக எதுவும் ஏறவில்லை. கூடை விழப் பந்து கொடுத்தவனுக்குப் போகும் அசிஸ்ட்கூட இல்லை. நான் என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். இன்னும் நான்கு முறை அவனைப் பார்க்கப் போனேன், இரண்டு முறை என் கைக்காசில்.

நேரில் பார்ப்பது பாதி வேலைதான். மீதி விசாரணை. தலைமைக் கோச்சுகள் எல்லாரும் தங்கள் பையனைப் புகழ்வார்கள், அது அவர்கள் கடமை. உண்மை தெரிய வேண்டுமானால் துண்டு மடிக்கும் மாணவ மேனேஜர்களிடம் பேச வேண்டும் என்று கோச் சொன்னார். அது முழுக்க உண்மை. இந்தக் கார்டைப் பற்றி மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் சொன்ன முதல் விஷயம் அவன் ஆட்டத்தைப் பற்றியே இல்லை: பயிற்சி முடிந்ததும் பந்துகளைப் பொறுக்கி வண்டியில் போட்டுவிட்டுத்தான் போவானாம்.

மே மாதம் வேகமாக ஓடியது. 12-ஆம் தேதி சிகாகோவில் லாட்டரி, டிராஃப்டில் முதலில் எடுக்கப்போகும் அணி எது என்று பார்க்கும் குலுக்கல். வெறும் 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டல்லஸுக்கு முதல் இடம் விழுந்தது, அதாவது முதல் ஆளாகப் போவார் என்று எல்லாரும் சொன்ன டியூக் பல்கலைக்கழகத்தின் கூப்பர் ஃப்ளாக் அவர்களுக்கு. அதே வாரம் அங்கேயே, டிராஃப்டுக்கு வருகிறவர்களைச் சோதித்துப் பார்க்கும் கம்பைன், அளவெடுப்பு. கல்லூரி 6 அடி 10 அங்குலம் என்று போட்டிருந்த பெய்லி, செருப்பில்லாமல் 6 அடி 7½ அங்குலம்தான் வந்தார். கல்லூரிகள் போடும் உயரத்தை அறிக்கையில் அப்படியே எழுதாதே என்று நவம்பரிலேயே எனக்குச் சொல்லியிருந்தார்கள். அளவுகள் முக்கியம்தான், ஆனால் பின்னாளில் பெரிய நட்சத்திரமான கெவின் டுராண்டால் 2007 கம்பைனில் 185 பவுண்டு எடையை ஒரு தடவைகூடத் தூக்க முடியவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

அப்புறம் மே 28, டிராஃப்டிலிருந்து பெயரைத் திரும்பப் பெற்றுக் கல்லூரிக்கே போவதற்குக் கடைசி நாள். என் 22 பேரில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். 2021-லிருந்து கல்லூரி மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். இரண்டாம் சுற்றில் போய் நிச்சயமில்லாத ஒப்பந்தத்துக்குக் காத்திருப்பதைவிட, இன்னொரு வருடம் கல்லூரியில் ஆடினால் அதிகம் கிடைக்கும் என்பது பலருக்கு உண்மை. அந்த ஒன்பது அறிக்கைகளுக்காக எத்தனை இரவு விழித்திருந்தேன். ஆனாலும் எனக்கு அதில் வருத்தம் இல்லை. பணம் இல்லாத காரணத்தால் அவசரப்பட்டு வெளியே வந்து காணாமல் போன பையன்கள் முன்பெல்லாம் எத்தனையோ பேர்.

நாலாம் ஆண்டு முடித்தவனுக்குத் திரும்பிப் போக இடமில்லை. டிராஃப்டில் யார் எத்தனாவதாகப் போகத் தகுந்தவர் என்று நாங்கள் ஒவ்வொருவரும் போடும் வரிசையில், அந்தக் கார்டை நான் 48-ஆவதாக வைத்தேன். குழுவில் வேறு யாரும் அவனை 75-க்குள் வைக்கவில்லை. மூன்று நாலு வருடம் கல்லூரியில் ஆடியவன் என்றால் இனி வளர மாட்டான் என்ற எண்ணம் இந்தத் தொழிலில் ஆழமாக ஊறியிருக்கிறது. வில்லனோவாவுக்கு இரண்டு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்த ஜேலன் ப்ரன்சன் 2018-இல் 33-ஆவதாகத்தான் போனார். டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் ஆடிய டெஸ்மண்ட் பேன் 2020-இல் 30-ஆவது. இருவரும் பிறகு என்.பி.ஏ.வில் பெரிய பெயர் வாங்கினார்கள். இவற்றைச் சொல்லித்தான் வாதாடினேன். கோச் பொறுமையாகக் கேட்டார். அவர்கள் இருவருக்கும் ஷாட் இருந்தது, இவனுக்கு இன்னும் வரவில்லை என்றார். ஆனாலும் 48 என்பதை மாற்றச் சொல்லவில்லை.

ஜூன் 25, 26 இரண்டு இரவும் புரூக்ளினில் டிராஃப்ட். இரண்டாம் இரவு வீட்டில் டி.வி. முன்னால் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 48 போனது. 55 போனது. அந்த வருடம் மொத்தமே 59 பேர்தான். கடைசிப் பெயர் வந்தது, அவன் இல்லை. என் மனைவி விளக்கை அணைக்க வந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிராஃப்டில் போகாதவர்களுக்கு அணிகள் அன்றிரவே ஃபோன் செய்யும், கோடைக்கால லீக்குக்கு அழைக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். என்.பி.ஏ.வில் பெயர் வாங்கிய ஆஸ்டின் ரீவ்ஸும் ஃப்ரெட் வான்வ்லீட்டும் டிராஃப்டில் போகாமல் வந்தவர்கள்தான். அவனுக்கு அந்த ஃபோன் வரவில்லை. ஆகஸ்டில் ஐரோப்பாவில் ஒரு கிளப் அவனை எடுத்துக்கொண்டது. எங்கள் குழுவின் அறிக்கைகளை வாங்கும் கிளப்புகளில் அதுவும் ஒன்று என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜூலையில் கோச் என்னைக் கூப்பிட்டு 22 அறிக்கைகளையும் ஒரு கோப்பில் போட்டுப் பூட்டச் சொன்னார். மேலே தேதி எழுத வேண்டும்: ஜூன் 2028. அதுவரை ஒரு வரியையும் திருத்தக் கூடாது. அன்றைக்குத் திறந்து, ஒவ்வொருவருக்கும் எதிரே எது சரி, எது தப்பு என்று சிவப்பு மையில் எழுத வேண்டும். தன்னிடம் இப்படி இருபது வருடக் கோப்புகள் இருக்கின்றன என்றார். டிசம்பரில் நான் எழுதிய அந்த மூன்று பக்கத்தையும் உள்ளே வைக்க வேண்டுமா என்று கேட்டேன். அதை முதலில் வை என்றார். வைத்தேன். புது சீசனுக்கு 26 பெயர் வந்திருக்கிறது, முதல் ஆட்டம் நவம்பர் முதல் வாரத்தில்.