ப்ராம்ஸில் எதைக் கேட்கலாம்?

பிபிசி கோடைதோறும் நடத்தும் மேற்கத்திய இசை விழாவான ப்ராம்ஸின் அட்டவணை வெளிவந்துவிட்டால் போதும், "ஒரே ஒரு கச்சேரிக்குத்தான் போக முடியும், எதற்குப் போகட்டும்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ஜூலை நடுவில் தொடங்கி செப்டம்பர் நடு வரை, ஏறக்குறைய தினமும் ஒரு கச்சேரி, பெரும்பாலும் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில். பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றும். வழக்கமாக எல்லோரும் சொல்கிற பதில், ஹால் பெரியது, அதனால் ஹாலையே அதிர வைக்கிற உருப்படியாகப் பார்த்துப் போ என்பதுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த ஹாலில் மிகச் சன்னமான ஒலியில் வாசிக்கப்படுகிற இடங்களுக்காகத்தான் போக வேண்டும் என்பேன்.

1871-இல் திறந்த கட்டடம் அது, நீள்வட்டமாக, மேலே பெரிய குவிமாடத்துடன். ஐயாயிரம் பேருக்கு மேல் கொள்ளும். எதிரொலி முன்பெல்லாம் அவ்வளவு மோசம். ஒரு பிரிட்டிஷ் இசையமைப்பாளர் தன் இசையை இரண்டு தடவை கேட்க வேண்டுமானால் இங்கே வந்தால்தான் உண்டு என்று கேலி பேசுவார்கள். 1969-இல் கூரையிலிருந்து ஃபைபர்கிளாஸ் வட்டுகளைத் தொங்கவிட்ட பிறகு நிலைமை தேறியது (அவற்றுக்குக் காளான்கள் என்றே பட்டப்பெயர்). இருந்தாலும் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் வேகமாக வாசிக்கும்போது ஸ்வரங்கள் இன்னமும் ஒன்றோடொன்று கலந்துதான் காதில் விழுகின்றன. ஒற்றைப் புல்லாங்குழல் வாசித்தால் அந்தக் குழப்பம் இல்லை.

இசையமைப்பாளர் மாலரின் இரண்டாம் சிம்ஃபனியை (முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கான நீண்ட உருப்படி) எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியில் பெரிய ஆர்ப்பாட்டமெல்லாம் ஓய்ந்ததும், மேடைக்கு வெளியே எங்கிருந்தோ ஹார்ன், ட்ரம்பெட் என்ற ஊது வாத்தியங்கள் கூப்பிடுகின்றன. மேடையில் ஒரு புல்லாங்குழலும் பிக்கலோ என்ற சின்னக் குழலும் பறவைக் குரலில் பதில் சொல்கின்றன, அவ்வளவுதான், வேறு யாரும் வாசிப்பதில்லை. அப்புறம் அவ்வளவு நேரமும் சும்மா இருந்த பாடகர் குழு பாட ஆரம்பிக்கிறது. பல கண்டக்டர்கள் எழுந்து நிற்கக்கூட விடாமல், உட்கார்ந்தபடியே பாட வைக்கிறார்கள். குரல் எப்போது தொடங்கியது என்று பிடிக்கவே முடியாது. இதற்கு அப்புறம் ஹாலில் உள்ள 9,999 குழாய்கள் கொண்ட ஆர்கன் முழங்குவதும், நிற்கிற தரையின் அதிர்வு உள்ளங்காலில் ஏறுவதும் பிரமாதம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு மனதில் தங்கியது அந்தக் கோரஸ் நுழைகிற இடம்தான்.

கிரகத்துக்கு ஒரு பகுதியாக ஹோல்ஸ்ட் எழுதிய 'கிரகங்கள்' என்றால், ஆர்ப்பாட்டமான செவ்வாய்ப் பகுதிக்காகத்தான் கூட்டம். நான் கடைசிப் பகுதியான நெப்டியூனுக்காகக் காத்திருப்பேன். பெண்கள் கோரஸைப் பக்கத்து அறையில் வைத்து, முடிவில் குரல் தேய்ந்து மறையும்படி அறைக் கதவை மெல்ல மூடச் சொல்லியிருக்கிறார் ஹோல்ஸ்ட்.

ட்வோர்ஷாக்கின் செல்லோ கன்செர்ட்டோவுக்கு (பெரிய வயலின் போன்ற செல்லோவை முன்னிறுத்தும் ஆர்க்கெஸ்ட்ரா உருப்படி) ப்ராம்ஸில் ஒரு தனிக் கதை உண்டு. 1968 ஆகஸ்ட் 21, சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த நாள். அன்று மாலை ஆல்பர்ட் ஹாலில் வாசிக்க வேண்டியிருந்தது சோவியத் அரசு ஆர்க்கெஸ்ட்ரா, கண்டக்டர் ஸ்வெத்லானோவ், செல்லோ ரொஸ்ட்ரோபோவிச், முன்பே முடிவான நிகழ்ச்சி நிரலில் இருந்ததோ செக் இசையமைப்பாளரான ட்வோர்ஷாக்கின் இதே உருப்படி! வெளியே ஆர்ப்பாட்டம், உள்ளேயும் கூச்சல். ரொஸ்ட்ரோபோவிச் வாசித்து முடித்துவிட்டு, ட்வோர்ஷாக்கின் இசைப் பிரதியை எல்லோரும் பார்க்கும்படி கையில் உயர்த்திப் பிடித்தார். அந்த இசையின் முடிவும் லேசுப்பட்டதல்ல. ட்வோர்ஷாக் இளவயதில் விரும்பிய ஜோசஃபீனா, பிற்பாடு அவர் மனைவிக்கு அக்காவாக இருந்தவர், 1895-இல் இறந்துபோனார். அதற்குப் பிறகு முடிவை மாற்றி எழுதி, ஜோசஃபீனாவுக்குப் பிடித்த தன் பாட்டு ஒன்றையே அதில் நினைவூட்டினார். தன் நண்பரான செல்லோக் கலைஞர் அங்கே ஒரு கடென்ஸா (தனியாக வித்தை காட்டும் பகுதி) சேர்க்கப் பார்த்தபோது ஒரேயடியாக மறுத்துவிட்டார். செல்லோ அடங்கி அடங்கிப் போகிற அந்த இடத்தில் வித்தை காட்ட யாருக்கு மனசு வரும்?

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மேடைக்கு முன்னால் இருக்கிற அரீனாவில் நின்றுகொண்டு கேட்கலாம், சமீப வருடங்களில் 8 பவுண்டு. அங்கே நிற்பவர்களுக்கென்று சில பழக்கங்கள் உண்டு: பியானோ மூடியைத் தூக்கும்போது கீழிருந்து "ஹீவ்" என்று கத்துவார்கள், மேலே காலரியில் நிற்பவர்கள் "ஹோ" என்பார்கள் (பாரம் இழுப்பவர்கள் ஆங்கிலத்தில் போடும் 'ஹீவ்-ஹோ' சத்தம்), சுருதி சேர்க்கப் பியானோவில் ஒரு ஸ்வரத்தைத் தட்டினால் அதற்கும் கைதட்டு. இதே கும்பல் இசை தொடங்கியதும் மூச்சுவிடாமல் நிற்கும். ப்ரூக்னரின் எட்டாவது சிம்ஃபனி என்றால் 80 நிமிடம், இடைவேளை கிடையாது, ஆகவே செருப்பை யோசித்துப் போடுங்கள்.

மாலரின் ஒன்பதாவது சிம்ஃபனி நிரலில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதற்கே போங்கள். கடைசிப் பக்கத்தில் வயலின்களும் மற்ற தந்தி வாத்தியங்களும் மட்டும், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி. நல்ல நாளாக இருந்தால் கண்டக்டர் கையைக் கீழே இறக்கும்வரை ஒருத்தரும் அசைய மாட்டார்கள். கெட்ட நாளாக இருந்தால் அதற்கு முன்பே ஒரு ஆள் "பிராவோ" என்று கத்திவிடுவார். அவருக்கு மட்டும் 80 பவுண்டு வாங்கலாம்.