பள்ளி என்ன செய்தது, பிள்ளை என்ன கொண்டுவந்தது?

"எங்கள் பள்ளியில் நூறு சதவீதத் தேர்ச்சி" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே எழும் கேள்வி, சேரும்போது அந்தப் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்பதுதான். தேர்வு வைத்து வடிகட்டிச் சேர்த்த பிள்ளைகள், வீட்டில் புத்தகமும் சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்கிற பிள்ளைகள், எங்கே படித்தாலும் ஓரளவு நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அதில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்பதைத் தனியாகப் பிரித்தெடுப்பதற்குத்தான் ஆராய்ச்சியாளர்கள் அறுபது வருடமாகப் பாடுபடுகிறார்கள்.

1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் விவரங்களைத் திரட்டியது. கட்டடம், நூலகம், செலவு இவற்றில் பள்ளிக்குப் பள்ளி உள்ள வித்தியாசத்தைவிடக் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டிப்போனது. பள்ளியால் ஒன்றும் ஆகாது என்று பலர் இதைப் புரிந்துகொண்டார்கள், அது எனக்கு இன்றும் வருத்தம், ஏனென்றால் அந்த ஆய்வு மாணவர்களை ஒரே ஒரு சமயத்தில் அளந்தது, யார் எங்கிருந்து எவ்வளவு தூரம் வந்தார்கள் என்பதை அதில் பார்க்க முடியாது.

அப்புறம் 1979-இல் மைக்கேல் ரட்டரின் குழு லண்டனில் 12 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் சேர்ந்தபோது இருந்த நிலையையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தது. அப்படியும் பள்ளிகளுக்கிடையே வித்தியாசம் மிஞ்சியது. அது கட்டடத்தோடு பெரிதாகச் சம்பந்தப்படவில்லை. வகுப்பு நேரத்துக்குத் தொடங்குகிறதா, வீட்டுப்பாடம் கொடுத்துத் திருத்துகிறார்களா, பிள்ளைகளைப் பாராட்டுகிறார்களா என்பது போன்ற அன்றாட விஷயங்களோடு சம்பந்தப்பட்டிருந்தது.

இன்றைக்குப் பரவலாக இருக்கும் கணக்கும் இதன் வழியில்தான் வந்தது. மாணவனின் பழைய மதிப்பெண்ணை வைத்து, இவன் இவ்வளவு வாங்கலாம் என்று ஓர் எதிர்பார்ப்பு எண் போடுகிறார்கள். உண்மையில் வாங்கியது அதைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்பதன் சராசரிதான் பள்ளி சேர்த்த மதிப்பு. 40-இல் சேர்ந்த பிள்ளைகளை 60-க்குக் கொண்டுவந்த பள்ளி, 85-ஐ 87 ஆக்கிய பள்ளியைவிட அதிகம் செய்திருக்கலாம். தேர்ச்சிப் பட்டியலில் அது கீழேதான் கிடக்கும்.

சரி, இந்தக் கணக்கை வைத்துப் பள்ளிகளை 1, 2, 3 என்று வரிசைப்படுத்திவிடலாமா? கூடாது என்பதுதான் என் கட்சி. ஒரு வகுப்பில் 20 பேர் மட்டுமே இருந்தால், இரண்டு பேருக்குத் தேர்வன்று காய்ச்சல் வந்தாலே சராசரி சரிந்துவிடும், அடுத்த வருடம் இரண்டு கெட்டிக்காரப் பிள்ளைகள் சேர்ந்தால் ஏறிவிடும். அதனால்தான் இப்படிப்பட்ட பட்டியல்களின் உச்சியிலும் அடியிலும் சிறிய பள்ளிகளே அதிகம் வந்து நிற்கின்றன. ஹார்வி கோல்ட்ஸ்டீன் என்ற புள்ளியியலாளர் இதைப் பல வருடம் வலியுறுத்தினார். ஒவ்வொரு பள்ளியின் எண்ணுக்கும் அதன் நிச்சயமின்மையைச் சேர்த்துக் காட்டினால், நடுவில் இருக்கும் பெரும்பாலான பள்ளிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்லவே முடியாது. அதோடு பெற்றோர் பார்ப்பது ஏற்கெனவே எழுதி முடித்தவர்களின் முடிவு, அவர்களுடைய பிள்ளை தேர்வு எழுத இன்னும் ஐந்தாறு வருடம் இருக்கும்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது குலுக்கல் முறைதான். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் சில பள்ளிகள் குலுக்கல் போடும். இடம் கிடைத்தவர், கிடைக்காதவர் இரு தரப்பிலும் பெற்றோரின் அக்கறை ஒரே மாதிரிதான், பிரித்தது அதிர்ஷ்டம் மட்டுமே. அமெரிக்காவின் பாஸ்டனில் சார்ட்டர் பள்ளிகளை, அதாவது அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தின் கீழ் நடக்கும் பள்ளிகளை, இப்படி ஒப்பிட்டபோது, இடம் கிடைத்தவர்கள் கணிதத்தில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஆனால் கூட்டம் சேராத பள்ளிகளைப் பற்றி இந்த முறை எதுவும் சொல்லாது.

இதெல்லாம் தேர்வு மதிப்பெண்ணை நம்பிய அளவைகள். கிராபோ ஜாக்சன் என்ற பொருளியலாளர் அமெரிக்காவின் வடக்கு கரோலைனா மாநிலத்தில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களை ஆராய்ந்தபோது, பிள்ளைகளை ஒழுங்காக வகுப்புக்கு வரவைத்து அடுத்த வகுப்புக்குக் கரையேற்றும் ஆசிரியர்கள், மதிப்பெண்ணை மட்டும் கூட்டியவர்களைவிட அதிகமாகப் பள்ளிப்படிப்பை முடிக்க உதவினார்கள் என்று தெரிந்தது. அதனால் பள்ளி தேடுகிறவர்கள் என்னிடம் கேட்டால், தேர்ச்சி விகிதத்தோடு, சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் கடைசி வகுப்பு வரை அங்கேயே இருந்தார்கள் என்றும் விசாரிக்கச் சொல்கிறேன்.